கேள்வி–பதில்: மலாயாவுக்கு ஓடிய ரோனா, போருக்குப் போன ரோனா

மலாயாவுக்குப் பிழைக்கப் போன கொங்கு நாட்டுக்காரர்கள் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தோம். ஈரோட்டில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கியவர்கள் பற்றி. அதில் ரஜூலா, ரோனா என்று இரண்டு கப்பல்களின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்தது, ரோனா போரில் மூழ்கியது என்றும் சேர்த்து. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கின்றன. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டுக் கப்பல் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) வெள்ளகோவில் பக்கத்துல இருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவருங்க. "ரோனாவுல போனேன், ரோனாவுல போனேன்"னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருப்பாருன்னு எங்க அப்பா சொல்வாரு. அந்தக் கப்பல் எங்கே, எப்படி முழுகுச்சுங்க? (வாசகர், காங்கேயம்)

1943 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை சாயங்காலம். இடம் மத்தியதரைக் கடல், அல்ஜீரியா நாட்டின் பூஜி துறைமுகத்துக்கு வடக்கே. அந்த ஊருக்கு இப்போது பெஜாயா என்று பெயர். உங்கள் அப்பாரு பாய் விரித்துப் படுத்துப்போன அதே கப்பலில் அன்றைக்கு இருந்தவர்கள் சுமார் 2,000 அமெரிக்கச் சிப்பாய்கள். ஒரே அடியில், ஒரே ராத்திரியில் அவர்களில் 1,015 பேர் போய்விட்டார்கள். எதிரியின் தாக்குதலால் நடுக்கடலில் ஒரே கப்பலில் அமெரிக்கத் தரைப்படை இத்தனை பேரை இழந்தது இந்த ஒரு சம்பவத்தில்தான்.

ஆனால் கதையை அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. ரோனாவைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் அந்தச் சாயங்காலத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள், அதற்கு முன்னால் பல வருஷம் அந்தக் கப்பல் யாருக்காக ஓடியது என்பது அவர்களுக்கு ஒரு அடிக்குறிப்பு. நமக்கு அப்படி இல்லை.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி (சுருக்கமாக பி.ஐ. கம்பெனி) சென்னை–நாகப்பட்டினம்–பினாங்கு–சிங்கப்பூர் வழித்தடத்துக்கென்றே ஒரு ஜோடிக் கப்பல் கட்டச் சொன்னது. ஒன்று ரோனா, இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில் கட்டியது. இன்னொன்று ரஜூலா, கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் பட்டறையில். இரண்டும் 1926ல் முடிந்தன. ரோனா 8,602 டன், 460 அடிக்குச் சற்று மேல் நீளம். அறை வசதியோடு போகிறவர்களுக்கு முந்நூறுக்கும் குறைவான இடம்தான், தளத்தில் படுத்துப் போகிறவர்களுக்கோ 5,000 பேருக்கு மேல் அனுமதி! அந்த 5,000 பேர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தகரப்பெட்டி, பாய், ஊறுகாய்ச் சாடி, கைக்குழந்தை எல்லாவற்றோடும் போன நம் ஆட்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏறி அலையில் ஆடி ஆடிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் கிணற்றையும் வாய்க்காலையும் தவிர வேறு தண்ணீர் பார்க்காத காங்கேயத்து ஆளுக்கு அந்தப் படகு ஒன்றே போதும், சாகும்வரை மறக்காமல் இருக்க.

1938 ஜூனில் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. ரப்பர் விலை சரிந்து கூலியைக் குறைத்ததுதான் சண்டை. கூட்டம் குறைந்தது. அடுத்த வருஷம் போர். 1940ல் ரோனாவை அரசாங்கம் துருப்புக் கப்பலாக எடுத்துக்கொண்டது. கடைசிவரை கம்பெனிக் கப்பல்தான், கம்பெனி ஆட்கள்தான் ஓட்டினார்கள். துப்பாக்கி சுட மட்டும் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள்.

சரி, கடைசிப் பயணம். அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் கூட்டத்தோடு நவம்பர் 25 அன்று சேர்ந்தது. போக வேண்டிய இடம் எது தெரியுமா? சூயஸ் வழியாக இந்தியா. பர்மா, சீனா பக்கம் ஜப்பானை எதிர்க்கிற வேலைக்கு அமெரிக்கா ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. ரோனாவில் இருந்தவர்களில் பெரிய பகுதி 853ஆவது பொறியாளர் பட்டாளம், விமானத்தளம் அமைக்கிறவர்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பையன்கள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. ஒன்றிலிருந்து விழுந்த குண்டு ரோனாவின் இடப்பக்கம், எஞ்சின் அறையை ஒட்டித் துளைத்தது. மின்சாரம் போயிற்று, பம்பு நின்றது, தீ பிடித்தது. 22 உயிர்காப்புப் படகுகளில் எட்டுதான் கடலில் இறங்கின, அதிலும் பல கூட்டம் தாங்காமல் கவிழ்ந்தன. ஒன்றரை மணி நேரத்துக்குள் பின்பக்கமாகச் சாய்ந்து கப்பல் மூழ்கியது. கடல் கொந்தளிப்பு, நவம்பர் குளிர், இருட்டு. சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்தது இடுப்பில் கட்டிக் காற்று நிரப்புகிற பெல்ட். அதை அக்குளுக்கு ஏற்றிக் கட்டாமல் இடுப்பிலேயே விட்டால் ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும். அதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காமலேயே அனுப்பியிருந்தார்கள். குண்டில் தப்பித் தண்ணீரில் போனவர்கள்தான் அதிகம்.

கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றுகிற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் பயனியர் மட்டும் அந்த இருட்டில் 606 பேரைத் தூக்கியது. நூறு பேர் ஊழியம் செய்கிற அளவுள்ள ஒரு சின்னக் கப்பல்!

அந்தக் குண்டு சாதாரணக் குண்டு இல்லை, ரேடியோ வழியாக ஓட்டியது என்று படித்தேன். 1943லேயே அது எப்படிச் சாத்தியம்? (பொறியியல் மாணவர், பெருந்துறை)

நல்ல கேள்வி. அதன் பெயர் ஹென்ஷல் 293. சின்ன விமானம் போல இரண்டு இறக்கை, அடியில் ஒரு திரவ எரிபொருள் ராக்கெட். விமானத்திலிருந்து கழன்றதும் அந்த ராக்கெட் பத்து விநாடி போல எரிந்து வேகம் கொடுக்கும், அப்புறம் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் மாதிரி காற்றில் சறுக்கிக்கொண்டே போகும். வால் பக்கம் ஒரு வெளிச்சம் எரியும். விமானத்தில் உட்கார்ந்திருக்கிற குண்டுவீச்சாளர் அந்த வெளிச்சத்தையும் கப்பலையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற சின்னக் கைப்பிடியைத் திருப்பத் திருப்ப, ரேடியோ அலை வழியாகக் குண்டின் இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகள் அசையும். அவ்வளவுதான் தத்துவம். இன்று பையன்கள் ட்ரோன் ஓட்டுவதும் இதே அடிப்படைதான், ஆனால் அன்று வால்வு ரேடியோ.

இதில் முக்கியம் தூரம். பழைய முறையில் கப்பலுக்கு நேர் மேலே வந்து குண்டு போட வேண்டும், கப்பல் பீரங்கிக்கு விமானம் பலியாகும். இதில் பல கிலோமீட்டர் தள்ளி நின்றே அடிக்கலாம். 1943 ஆகஸ்ட் 27 அன்று பிஸ்கே வளைகுடாவில் பிரிட்டிஷ் கப்பல் எக்ரெட்டை மூழ்கடித்ததுதான் இதன் முதல் பெரிய பலி. ரோனா மூன்று மாதம் கழித்து.

பலவீனமும் அங்கேயேதான் இருந்தது. ஓட்டுகிறவர் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவரை விமானம் நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். புகை போட்டால் தெரியாது. அதே அலைவரிசையில் வேறு ரேடியோ இரைச்சலைப் பாய்ச்சினால் குண்டு சொன்னபடி கேட்காது. கூட்டணி நாடுகள் சீக்கிரமே அந்த இரைச்சல் கருவியைக் கப்பல்களில் பொருத்தினார்கள், 1944 கோடைக்குள் இந்த ஆயுதத்தின் மவுசு போய்விட்டது.

இத்தனை பேர் செத்ததை அமெரிக்கா ஏன் மறைத்தது? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

மேலே சொன்னதுதான் காரணம். அந்த ஆயுதம் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று ஜெர்மனிக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தார்கள். போர் நடக்கும்போது அது நியாயம் என்றே நானும் சொல்வேன். வீட்டுக்குப் போன தந்தியில் "காணவில்லை" என்று மட்டும் இருந்தது. உயிர் தப்பியவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தார்கள்.

நியாயம் இல்லாதது அதற்கு அப்புறம் நடந்தது. போர் முடிந்து, ஜெர்மனி விழுந்து, ரகசியம் காக்கக் காரணமே இல்லாமல் போனபிறகும், வழிநடத்திய குண்டு என்ற விவரம் பல வருஷம் கோப்புக்குள்ளேயே கிடந்தது. மகன் எந்தக் கப்பலில், எப்படிச் செத்தான் என்று தெரியாமலேயே அப்பா அம்மா போய்ச் சேர்ந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் கிழவர்களாகி, தாங்களே ஒருவரையொருவர் தேடிப்பிடித்துச் சங்கம் வைத்த பிறகுதான், 1996ல் அலபாமா மாநிலத்தில் ஒரு ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் எழுந்தது. 2000ல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களை நினைத்து ஒரு தீர்மானம் போட்டது. 57 வருஷம்!

ரோனாவில் இருந்த இந்தியக் கலாசிகள் (கப்பல் தொழிலாளிகள்) சிப்பாய்களை விட்டுவிட்டுப் படகில் ஏறி ஓடிவிட்டார்கள் என்று ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

அப்படிச் சொன்ன சிப்பாய்கள் உண்டு. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எரிகிற கப்பலில், இருட்டப்போகிற நேரத்தில், படகு இறங்க மறுக்கும்போது கண்ணில் பட்டதை அவர்கள் சொன்னார்கள், முதல் படகுகளில் கலாசிகள் இருந்ததைச் சிலர் பார்த்திருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தக் கப்பலின் ஊழியர்கள் 195 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. சிப்பாய்களில் செத்தது ஏறத்தாழ பாதி. ஓடித் தப்பித்த கூட்டம் என்றால் கணக்கு இப்படியா வரும்? குண்டு அடித்தது எஞ்சின் அறையை ஒட்டி. கீழே பாய்லர் பக்கம் பணியில் இருந்தவர்கள் யார்? கலாசிகள்தான். அவர்களுக்கு ஓடவே நேரம் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியக் கலாசிக்கு அந்தக் காலத்தில் வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் சம்பளம். படுக்க இடம் குறைவு, சாப்பாடு குறைவு. போர் தொடங்கிய 1939லேயே பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்தியக் கலாசிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கொஞ்சம் பேரைச் சிறையில் போட்டார்கள், கடைசியில் சம்பளம் ஏறியது. அதற்கப்புறம் அவர்கள் வேலைக்கு வராமல் இருந்தார்களா? இல்லை. நீர்மூழ்கி சுற்றுகிற கடலில் ஆறு வருஷம் கப்பலை ஓட்டினார்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் நாலில் ஒருவர் போல இந்தியர். 6,000க்கும் மேற்பட்ட இந்தியக் கலாசிகள் அந்தப் போரில் செத்தார்கள், பெரும்பாலானவர்களுக்குக் கல்லறை கிடையாது, கடல்தான். ரோனாவின் கதையில் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பெயர், ஊர், படம், தம்பிக்கு எழுதிய கடிதம் எல்லாம் இருக்கிறது. கலாசிக்கு ஒரு எண் இருக்கிறது, கூடவே ஒரு பழியும் இருக்கிறது. அந்தப் பழியை மறுபடி அச்சில் ஏற்றுகிறவர்கள் பக்கத்திலேயே அந்த எண்ணையும் போட வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

பி.ஐ. கம்பெனி என்றால் வ.உ.சி. எதிர்த்த அதே கம்பெனியா? (வாசகர், காந்திபுரம், கோவை)

அதேதான். 1906ல் தூத்துக்குடியில் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் கட்டணத்தைக் கண்டபடி குறைத்து அவரை ஒடுக்கப் பார்த்தது இந்தக் கம்பெனிதான். 1908ல் அவரைப் பிடித்துக் கோவைச் சிறைக்குத்தான் கொண்டுவந்தார்கள், 1910 வரை இங்கே. அவர் இழுத்த செக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருடைய இரண்டு கப்பல்கள் காலியாவும் லாவோவும் கைவிட்டுப் போயின. போட்டிக்கு ஆளில்லாத அந்த வங்கக் கடலில்தான் பதினைந்து வருஷம் கழித்து ரஜூலாவும் ரோனாவும் வந்தன. நம் மக்களுக்கு வேறு கப்பல் இல்லாமல் போனதற்கும் அந்தச் செக்குக்கும் நேரான தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

துருப்புக் கப்பல், போர்க்கப்பல் என்ன வித்தியாசம்? ரோனாவுக்குப் பதக்கம், பட்டம் எதுவும் உண்டா? (வாசகர், பொள்ளாச்சி)

அமெரிக்கக் கடற்படை தன் துருப்புக் கப்பல்கள் பலவற்றைக் கடற்படைக் கப்பலாகவே பதிந்துகொண்டது. கடற்படை மாலுமிகள், கடற்படைக் கேப்டன். அதிலும் கரையில் நேராகப் படை இறக்குகிற வகை ஒன்று உண்டு, கப்பல் மேலேயே சின்னச் சின்ன இறங்குபடகுகளை வரிசையாக ஏற்றிக்கொண்டு போகும். ஹாஸ்கல் என்ற ஒரே வகையில் மட்டும் 117 கப்பல்களை 1944–45க்குள் கட்டித் தள்ளினார்கள். அப்படிப்பட்ட கப்பல் ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் எந்தத் தீவு, எத்தனை சண்டை நட்சத்திரம் என்று கடற்படையே வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

ரோனா அப்படி இல்லை. வாடகைக்கு எடுத்த கம்பெனிக் கப்பல். பிரிட்டனில் போர்க் கௌரவம் கடற்படைக் கப்பல்களுக்குத்தான், இதற்கு நட்சத்திரமும் இல்லை, கௌரவப் பலகையும் இல்லை. அதன் சேவை வரலாற்றைக் கம்பெனிக் கணக்கிலிருந்தும், துறைமுகம் துறைமுகமாக அரசு எழுதி வைத்த நடமாட்ட அட்டைகளிலிருந்தும், போய்வந்தவர்கள் சொன்னதிலிருந்தும் ஒட்டுப்போட்டுத்தான் எடுக்க வேண்டும். காங்கேயத்து அப்பாரு சொன்னதும் அதில் ஒரு பக்கம்.

ரோனா மாதிரி நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்து மூழ்கிய கப்பல் உண்டா? (வாசகி, அவினாசி)

திலாவா. இதுவும் பி.ஐ. கம்பெனிதான். 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியது, கப்பலில் 958 பேர், பெரும்பாலும் இந்தியக் குடும்பங்கள். நவம்பர் 23 அதிகாலையில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி அடித்தது. முதல் அடி விழுந்த பிறகு படகில் ஏறியவர்கள், கப்பல் மூழ்காது போல இருக்கிறதே என்று திரும்பி ஏறினார்கள். அப்போது இரண்டாவது அடி. 280 பேர் போனார்கள். இரண்டு நாளுக்கு மேல் கடலில் கிடந்தவர்களில் பெரும்பாலானவர்களை பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பல் காப்பாற்றியது. தப்பியவர்கள் மொத்தம் 678 பேர்.

அதில் தென்னாப்பிரிக்க அரசுக்குப் போன வெள்ளி 60 டன் இருந்தது. 2017ல் ஒரு கம்பெனி அந்த ஆழத்திலிருந்து 2,364 வெள்ளிக் கட்டிகளை எடுத்துவிட்டது, யாருக்குச் சொந்தம் என்று லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2024ல் தீர்ப்பு வந்தது. கட்டியை ஒன்று விடாமல் எண்ணினார்கள். செத்த 280 பேரின் குடும்பங்களைச் சேர்த்துக் கூட்டியது அரசாங்கம் இல்லை, பேரப்பிள்ளைகள்தான் தேடித் தேடிச் சேர்த்தார்கள்.

சூலூர்ல எங்க பாட்டி "அந்தக் காலத்துல இங்க கப்பல்காரங்க இருந்தாங்க"ன்னு சொல்லும். கடலே இல்லாத ஊர்ல கப்பல்காரன் எப்படிங்க? (கல்லூரி மாணவி, சூலூர்)

பாட்டி சொன்னது சரிதான் கண்ணு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை கோவையில் எச்.எம்.எஸ். கருடா என்று ஒரு பெரிய விமானப் பழுதுபார்ப்புப் பட்டறை வைத்திருந்தது, 1942 முதல் 1946 வரை. சூலூரில் 1945ல் எச்.எம்.எஸ். வைரி. கொச்சியில் கழுகு, தாம்பரத்தில் வல்லூறு, எல்லாம் பறவைப் பெயர்கள். பெயருக்கு முன்னால் கப்பலுக்குப் போடுகிற மூன்றெழுத்து ஏன் என்றால், பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமி ஒவ்வொருவர் பெயரும் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். தரையில் வேலை பார்த்தாலும் அந்தத் தரைக்கே ஒரு கப்பல் பெயர் வைத்துவிடுவார்கள்.

ஏன் கோவை? இந்தியப் பெருங்கடலில் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஓடின, அவற்றின் விமானங்களை எங்கேயாவது பிரித்துச் சரிசெய்ய வேண்டும். ஜப்பான் விமானத்துக்கு எட்டாத உள்நாடு, கொச்சியிலிருந்து ரயில், காய்ந்த காற்று, அதற்கெல்லாம் மேலாக மில்லும் பவுண்டரியும் இருக்கிற ஊர், லேத்தில் கைபழகிய ஆட்கள் கிடைக்கிற ஊர். நம் ஊர் மோட்டார் பம்பு, விமான உதிரி என்று இன்று செய்கிறதற்கெல்லாம் போர்க்காலம் ஒரு உந்துதல் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

பாட்டியின் வயதைப் பொறுத்து இன்னொரு கூட்டத்தையும் அவர் பார்த்திருக்கலாம். 1961ல் நம் இந்தியக் கடற்படை ஐ.என்.எஸ். ஹன்சாவைத் தொடங்கியதே சூலூரில்தான், விக்ராந்த் கப்பலின் சீஹாக் விமானங்களுக்காக. 1964ல் கோவாவுக்கு மாறிப்போனது. பாட்டியிடம் எந்த வருஷம், என்ன உடுப்பு என்று கேட்டு, அவர் சொல்வதை போனில் பதிவு செய்து வைம்மா. இதைச் செய்ய இன்னும் பத்து வருஷம் கழித்து ஆள் கிடைக்காது.

ரஜூலா என்ன ஆச்சு? எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) அதிலதான் 1950கள்ல பினாங்குல இருந்து திரும்பி வந்தாங்களாம். (வாசகர், ராசிபுரம்)

ரஜூலாவும் போரில் துருப்பு ஏற்றியது, ஆனால் தப்பித்தது. போர் முடிந்ததும் பழைய வழிக்கே வந்து ஓடியது, சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த 1942 பிப்ரவரியிலிருந்து கடிதமும் மணியார்டரும் அறுந்துபோய், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் கிடந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தது பெரும்பாலும் அந்தக் கப்பல் வழியாகத்தான். 1973ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது, மறு வருஷம் பம்பாயில் உடைத்தார்கள். அதற்கப்புறம் எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் தீப்பிடித்த பிறகு அதுவும் நின்றது. அதோடு சென்னை–சிங்கப்பூர் பயணிக் கப்பலே இல்லாமல் போயிற்று.

எங்க பெரியப்பா போர் சமயத்துல கப்பல்ல வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. எந்தக் கப்பல்னே தெரியாது. எங்கே தேடுவது? (வாசகர், உடுமலைப்பேட்டை)

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். கட்டணம் இல்லை. கடலில் போன இந்திய மாலுமிகள், கலாசிகள் பெயர் "பம்பாய்–சிட்டகாங் நினைவேடு" என்ற பட்டியலில் இருக்கிறது. அந்த ஏட்டின் ஒரு பிரதி மும்பை மஸ்ஜித் பந்தரில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில், இன்னொன்று வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறையில். பெயர் கிடைத்தால் பக்கத்திலேயே கப்பல் பெயரும் தேதியும் இருக்கும். கப்பல் தெரிந்துவிட்டால், அது எந்தெந்தத் துறைமுகம் போனது என்பது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் நடமாட்ட அட்டைகளில் இருக்கும்.

தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். பழனிச்சாமி என்ற பெயரை அன்றைய கப்பல் குமாஸ்தா நாலைந்து விதமாக எழுதியிருப்பான், அப்பா பெயரையே ஆளின் பெயராக எழுதியிருப்பான், ஊர் என்ற இடத்தில் வெறுமனே "கோயம்புத்தூர்" என்றோ "சேலம்" என்றோ இருக்கும். பெயரின் முதல் பாதியை மட்டும் போட்டு, 1940 முதல் 1945 வரை வருஷம் வருஷமாகப் பாருங்கள்.

மலாயா போனவர்கள் பற்றித் தேடுகிறவர்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். குடியேற்றம் பற்றிய அரசாணைகள் அங்கே இருக்கின்றன, தனியாள் பெயர் கிடைப்பது அபூர்வம், ஆனால் எந்த வருஷம் எந்தத் தாலுகாவிலிருந்து ஆள் போனார்கள் என்பது தெரியவரும்.

அப்புறம் வீட்டுப் பரண். பணி முடிவுப் புத்தகம், அம்மை குத்திய சீட்டு, டிக்கெட் அடிக்கட்டை, முத்திரை விழுந்த கவர், எது கிடைத்தாலும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். கிழிந்திருக்கிறதே என்று லேமினேட் செய்யக் கொண்டுபோக வேண்டாம், சூட்டில் பழைய மை போய்விடும். அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.